நீர் வெளியேறலாம், மண் வெளியேறக் கூடாது

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 ஜூலை 2 இரவு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை உடைந்தது. 19 பேருக்குக் குறையாமல் மாண்டனர். கசிவு குறித்துக் கிராம மக்கள் முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். உடைப்புக்குப் பின் மாநில அமைச்சர் ஒருவர், நண்டுகள் துளையிட்டதே காரணம் என்றார். இத்தகைய விளக்கங்களை எதிர்கொள்ள, மண் அணையின் இயல்பை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கசியாத மண் அணை இல்லை. கரையின் நடுவிலுள்ள களிமண் சுவர் நீரோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடுகிறது. பழைய அணைகள் பலவற்றில் இந்த வடிகட்டியே கிடையாது. இருப்பதும் காலப்போக்கில் அடைபடுகிறது. மதகுக் குழாயை ஒட்டிய மண் தளர்கிறது; பட்ட மரங்களின் வேர்கள் மக்கி வழி உண்டாகிறது. அப்போது நீர் மண்துகள்களைச் சுமந்து வெளியேறுகிறது. வெளிப்புற அடிவாரத்தில் தொடங்கும் அரிப்பு, நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னேறிக் கரைக்குள் சுரங்கமாகிறது.

ஆகவே தெளிந்த கசிவை அன்றாடம் அளந்துவர வேண்டும். கசிவு கலங்கினால் உடனடியாகச் செயல்பட வேண்டும். கலங்கிய ஊற்றை வெளிப்புறத்தில் களிமண்ணால் அடைப்பது பெருந்தவறு. உள்ளே அழுத்தம் பெருகி, நீர் வேறிடத்தில் பீறிடும். ஊற்றின் மேல் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என அடுக்கினால் நீர் வடியும், மண் தங்கும். அதே வேளையில் அணையின் நீர்மட்டத்தைக் கட்டுப்பாட்டுடன் குறைக்க வேண்டும். மிக விரைவாக இறக்கினால் உட்புறச் சரிவே சரியக்கூடும்.

இவை அவசர நடவடிக்கைகள். நிலையான சீரமைப்புக்கு வெளிச்சரிவில் புதிய வடிகட்டியும், அதன்மீது பாரம் தரும் மண்மேடையும், அடிவார வடிகாலும் தேவை. அடித்தளத்தின் வழியே கசிவு மிகுந்தால், நீர்ப்புறத்தில் களிமண் விரிப்போ கரையினூடே தடுப்புச் சுவரோ அமைக்க வேண்டும். கசிவு எவ்வழியே வருகிறது என்று ஆராயாமல் சிமெண்ட் பூசுவது, ஒப்பந்ததாரருக்கு மட்டுமே பயன்தரும்.

நாட்டில் 5,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மண் அணைகள். 200-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் நூறாண்டைக் கடந்தவை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, பராமரிப்புக்குத் தனி நிதி, அவசரகாலத் திட்டம் ஆகியவற்றை விதிக்கிறது. ஆனால், வரையறைக்குள் வராத சிறிய அணைகளின் கீழும் உழைக்கும் மக்களே வாழ்கின்றனர். கரையில் நடந்து பார்க்கும் காவலர் பணியிடம் காலியாக இருந்தால், சட்டம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை: ஆய்வறிக்கைகளை ஊராட்சிகளில் மக்கள் மொழியில் வெளியிடுக! கரைக் காவலர்களை நிரந்தரமாக நியமித்திடுக! கசிவு குறித்த ஒவ்வொரு முறையீட்டுக்கும் எழுத்துபூர்வ மறுமொழி வழங்குக!

அணைகளுக்குக் கீழுள்ள கிராமங்களில் பணியாற்றும் கிளைகள், வரும் பருவமழைக்கு முன்பே இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் எனக் கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.