மூக்கு முதல் மிடறு வரை: கால்நடைகளின் மூச்சுவழி



பாட்டும் இலக்கணமும் தமிழில் இருக்கட்டும். ஒரு மாட்டின் மூக்கிற்குள் இருப்பதைச் சொல்லத் தமிழில் சொல் உண்டா என வினவுவார் இன்றும் உளர். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடமொழி இன்றளவும் ஆங்கிலமே. ஆனால், மாட்டைக் கட்டிக் காப்பவன் தமிழுழவன். அது நோயுற்றால் முதலில் மருந்து புகட்டுபவனும் அவனே. அவனுக்கு எட்ட வேண்டிய அறிவு வேற்றுமொழிப் பெட்டகத்துள் பூட்டிக் கிடக்கின்றது. அதனால் வரும் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று; தொழுவத்தில் உயிரிழப்பாகவே நிகழ்வது.

ஆவிற்கும் எருமைக்கும் மூக்கின் நுனியும் மேலுதடும் ஒன்றி, மயிரற்ற ஈரப்பரப்பாக அமைந்துள்ளன. அதன்மேல் ஓடும் வரிகள், மாந்தரின் விரல்வரிகளைப் போலவே, மாட்டுக்கு மாடு வேறுபடும். பன்றிக்கு அவ்விடத்தில் மண்ணைக் கிளறுதற்கென்றே ஒரு தனியெலும்பு உண்டு. குதிரையோ வாயால் மூச்சு வாங்க இயலாத விலங்கு. அதன் மெல்லண்ணம் நீண்டு குரல்வளையைத் தழுவி நிற்றலின், மூக்கடைப்பு அதற்கு உயிரிடர்.

மூக்கறையின் இருபுறச் சுவர்களிலிருந்தும் ஓலைச்சுருள் போன்ற மெல்லெலும்புகள் சுருண்டு நிற்கின்றன. மூக்குச்சுருள் என்பது இவற்றிற்குப் பொருந்திய பெயர். இவற்றைப் போர்த்த சவ்வு அரத்தம் நிறைந்தது, உட்புகும் காற்றை வெதுப்புவது, ஈரமாக்குவது, புழுதியைக் கோழையில் ஒட்டச் செய்து நுரையீரலைக் காப்பது. நாய்க்கு இச்சுருள்கள் மிக நுண்ணியவாய்க் கிளைத்து மோப்பத்திற்குப் பேரிடம் தருகின்றன.

இச்சவ்வின் அரத்தக்குழல்களில் குடியேறும் ஒரு புழுவே மாட்டின் குறட்டை நோய்க்குக் கரணியம். 1933-இல் இராவ் என்னும் ஆய்வாளர் அப்புழுவிற்கு அறிவியற்பெயர் இட்டார். அதன் முட்டைகள் சவ்வில் தங்கிப் பூக்கோசு போன்ற முண்டுகளை எழுப்ப, வழி குறுகி மாடு குறட்டை விடுகின்றது. சளியோடு குளத்தில் விழும் முட்டையினின்று வெளிப்படும் இளவுயிர் நத்தையினுள் புகுந்து பெருகி, மீண்டும் நீரில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து ஏறுகின்றது. இந்நோய்க்குப் பெயர் தேடி இலத்தீனத்திற்கு ஓட வேண்டுவதில்லை. மாடே அதனைச் சொல்லிவிடுகின்றது!

நெற்றியெலும்பினுள்ளும் காற்றறைகள் உள. வளர்ந்த மாட்டில் அவ்வறை கொம்பின் உள்ளெலும்பிற்குள்ளும் நீண்டு செல்லும். கொம்பு முறிந்தால் மூக்கில் அரத்தம் வருவது இதனாலேயே. கொம்பை அடியோடு அறுப்பது நகத்தைக் களைவது போன்றதன்று, மூச்சறையைத் திறந்துவிடுவதாகும்.

இனி மிடறு. இதன் குருத்தெலும்புகளுக்கு ஆங்கில நூல்களில் உள்ள பெயர்களைக் கண்டு மலைப்போர், அவற்றின் பொருளை அறிந்தால் நகைப்பர். கிரேக்கத்தில் தைரியோசு என்பது கிடுகு என்னும் கேடயம். கிரிக்கோசு என்பது வளையம். அருத்தைனா என்பது அகப்பை! கிரேக்கர் தம் வீட்டுப் பொருள்களைக் கொண்டு பெயரிட்டனர். பிறர் அதனை மறைமொழி போல் ஓதுகின்றனர். கிடுகுக்குருத்து, வளையக்குருத்து, அகப்பைக்குருத்து, குரல்மூடி என்று சொல்லத் தமிழர் நாணுவது ஏன்? மிடறு, நா, அண்ணம், மூக்கு என எழுத்துப் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைத்த மொழியன்றோ இது!

தொண்டையில் மூச்சின் வழியும் உணவின் வழியும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. விழுங்கும்போது நா பின்தள்ளுகின்றது, குரல்வளை முன்னெழுகின்றது, குரல்மூடி அதன் வாயிலின்மேல் கவிகின்றது, அகப்பைக்குருத்துகள் நெருங்கிக் குரல்நாண்களை அடைக்கின்றன. இத்தனையும் நிகழ நா தடையின்றி அசைதல் வேண்டும். தொழுவத்தில் நடப்பதென்ன? ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பற்றித் தலையை வானோக்கித் தூக்குகின்றார். ஒருவர் நாவை வெளியே இழுத்துப் பிடிக்கின்றார். இன்னொருவர் மூங்கிற்குழாயில் உள்ளதை ஒரே வீச்சில் ஊற்றுகின்றார். மாடு விழுங்க முடியாது; மூடி கவியாது; மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். எண்ணெயாயின் இருமலைக்கூட எழுப்பாமல் இறங்கிவிடும். சில நாளில் காய்ச்சல், மூச்சுத்திணறல், நாற்றமுடைய சளி, பின்னர்ச் சாவு. மாடு பழைய நோயால் மாண்டதென வீட்டார் கருதுவர். கண்ணேறு என்பாரும் உண்டு. கொன்றது மருந்து சென்ற வழி!

இதனைத் தடுக்கும் முறையை ஒரு தாளில் அச்சிட்டுச் சந்தைதோறும் ஒட்ட ஓர் அயற்சொல்லும் வேண்டா. தலை முதுகின் மட்டத்தினும் சற்றே உயர்ந்தாற் போதும். நாவை இழுக்கலாகாது. முன்பல்லிற்கும் கடைவாய்ப்பல்லிற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் குழாயை நுழைத்துச் சிறிது ஊற்ற வேண்டும். அதனை விழுங்கியபின்னரே மேலும் ஊற்ற வேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ விட வேண்டும். ஈன்றபின் பாற்காய்ச்சலுற்றுக் கழுத்தை மடித்துப் படுத்துவிட்ட ஆவிற்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். அதற்கு வாய்வழி எதனையும் புகட்டாது, விரைந்து மருத்துவரை அழைத்தல் வேண்டும்.