நாற்று பச்சை பிடிக்கும் வரை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவை குறித்து உங்களோடு பலமுறை பேசியிருக்கிறேன். இன்று, நமது பதிவேடு எதிலும் இடம்பெறாத ஒரு குறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியும், அதற்குச் சிகிச்சை பெறுபவருக்கு ஊரார் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதைப் பற்றியுமே கூறப்போகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன். அந்நோய்க்கு ஆளாகி மீண்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்; பிறகு உறக்கம் வராது. கோப்பைத் திறந்தால் ஒரே வரியை நான்கு முறை படிப்பேன், பொருள் விளங்காது. பசி இல்லை. பிள்ளைகளின் சிரிப்புகூடப் பாரமாகத் தோன்றிற்று. இதைச் சோம்பல் என்று எண்ணி என்னை நானே நிந்தித்துக்கொண்டேன். வீட்டார் கண்ணேறு என்றார்கள். நண்பர்களோ, மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்றார்கள். திடப்படுத்திக்கொள்ள மனம் இருந்தால்தானே!

விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குச் சென்றேன். என் தமையனார் உழவர். அதிகம் படித்தவர் அல்லர். அவரே என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பரிசோதித்த டாக்டர் அம்மையார், “இது நோய், உங்கள் குற்றம் அன்று. மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், முழுப் பலன் தெரிய மேலும் சில வாரங்கள் ஆகலாம்” என்றார். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் நடந்தது என்ன? முதல் வாரத்தில் குமட்டலும் நாவறட்சியுமே கண்ட பலன். மனத்தின் பாரம் குறையவே இல்லை. பத்தாம் நாள், இனி மாத்திரை வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

தமையனார் கோபிக்கவில்லை. என்னை வயலுக்கு அழைத்துச் சென்றார். “தம்பி, நட்டு ஒரு வாரந்தான் ஆகிறது. நாற்று வாடி, மஞ்சளாகத்தான் நிற்கிறது. பச்சை பிடிக்கவில்லை என்று யாராவது பிடுங்கிப் போடுவார்களா?” என்று கேட்டார். மறுநாள் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றோம். டாக்டர் அம்மையார் மாத்திரை உண்ணும் வேளையை மாற்றிக் கொடுத்தார்.

அன்று முதல் ஒவ்வோர் இரவும் தமையனாரே மாத்திரையை எடுத்துத் தருவார். விடியற்காலையில் மடை திருப்பப் போகும்போது என்னையும் உடன் அழைத்துச் செல்வார். உபதேசம் எதுவும் செய்ததில்லை. நான் பேசினால் கேட்பார்; பேசாவிட்டால் அவரும் பேசாமல் இருப்பார். ஆறாவது வாரத்தில் ஒருநாள், நானாகவே இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டேன். அண்ணியார் கண்கலங்கிவிட்டார். அதன்பின் பல மாதங்கள் மாத்திரையைத் தொடர்ந்து, டாக்டர் கூறியபடியே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினேன்.

என் அனுபவம் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று கூறமாட்டேன். சிலருக்கு உளவியல் ஆலோசனையே போதும். சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆயினும், சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் பலன் தெரியும் நாளுக்கும் இடையிலுள்ள வாரங்களில் நோயாளிக்குத் துணை மிக அவசியம். அங்கேதான் ஊராட்சியின் கடமை தொடங்குகிறது.

2015-16ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். அக்கணக்கில், 2,000 பெரியவர்கள் வாழும் ஓர் ஊராட்சியில் சுமார் 100 பேர். எனவே, இது யாரோ ஒருவர் வீட்டு விஷயம் அன்று.

நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவதாக, இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒருவர் உறக்கமும் பசியும் கெட்டு, தொழிலில் நாட்டமின்றி ஒதுங்கியிருந்தால், அவரைத் தனியே சந்தித்து விசாரியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ உடன் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவதாக, சிகிச்சைக் காலத்தில் அவருக்கு நம்பிக்கையான ஒருவர் நாள்தோறும் அவரைப் பார்த்து வரட்டும். அவருடைய நீர்ப்பாசன முறையையும் கறவை வேலையையும் அக்கம்பக்கத்தார் சில நாட்கள் பகிர்ந்துகொள்ளலாம். கடன் சுமை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்காகப் பேசுவதும் துணையே.

மூன்றாவதாக, உடம்பு தேறியவுடன் மருந்தை நிறுத்த விடாதீர்கள். குணமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்தைத் தொடருமாறு டாக்டர்கள் பொதுவாகக் கூறுகிறார்கள். இம்மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் திடீரென நிறுத்துவது நல்லதன்று. மதுவோ நோயை மேலும் வளர்க்கும்.

நான்காவதாக, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் சிநேகா அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர்கள் கிராமங்களில் பூட்டிய பெட்டிகளுடன் கூடிய பொது வைப்பறைகளை அமைத்துப் பார்த்து, அதன் பலனை 2013இல் வெளியிட்டனர். மக்கள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். இத்தகைய வைப்பறையை நமது ஊராட்சிகளிலும் அமைக்க முடியும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நோயாளியிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் தோன்றிவிடாது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவச ஆலோசனை பெறலாம்.

ஐந்தாவதாக, அறிந்ததைத் தேநீர்க் கடையில் பேசாதீர்கள். மனநோயாளிக்குச் சிகிச்சை பெறும் உரிமையையும், அவரது நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழங்கியிருக்கிறது. சட்டம் காக்கும் மானத்தை நமது நாக்கு கெடுக்கலாகாது.

நண்பர்களே! இதை இந்த மேடையில் சொல்ல நான் பலநாள் தயங்கினேன். அதிகாரியைப் பற்றி ஊர் என்ன பேசும் என்ற எண்ணமே காரணம். ஆனால் என்னைப் போலவே தயங்கும் ஒருவர் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அவருக்கு நான் சொல்வது இதுதான்: வைத்தியத்தைத் தொடங்குங்கள், பச்சை பிடிக்கும் வரை பொறுத்திருங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது: அதுவரை அவரோடு இருங்கள்.