பித்தளையும் வெண்கலமும்: கிட்டார்க் கம்பியின் ஒலியைத் தமிழில் சொல்லுதல்



மொழி மன்றத்தின் மேடையில் மொழியியலாளன் ஒருவன் கிட்டார்க் கம்பியைப் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் இசை அன்று. இசையொலியை வேறுபடுத்திச் சொல்லும் சொல். ஒரே கிட்டாரில் இருவேறு உலோகக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பூட்டி மீட்டினால், எழும் ஒலிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாட்டைச் செவி உணர்ந்துவிடுகிறது. உணர்ந்ததைச் சொல்ல முயலும்போது நம் மாணவர் பலர் ‘பிரைட்’ என்றும் ‘வார்ம்’ என்றும் ஆங்கிலத்தை நாடுகின்றனர். தமிழில் கூறுமாறு கேட்டால், ‘இனிமையாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். இனிமை என்பது பாராட்டு. அது இரண்டு ஒலிகளுக்கும் பொருந்தும்; ஆகவே இரண்டையும் வேறுபடுத்தாது. வேறுபடுத்தும் சொல் தமிழில் உண்டா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. பாராட்ட மட்டுமே பயன்படும் மொழி, வகுப்பறையில் நெடுநாள் நிலைக்காது.

முதலில் பொருளின் பெயரைக் காண்போம். யாழில் கட்டப்பட்டதை நம் முன்னோர் ‘நரம்பு’ என்றனர். உடலின் நரம்புக்கும் யாழின் நரம்புக்கும் ஒரே சொல் அமைந்தது. வடமொழியிலிருந்து வந்த ‘தந்தி’ இசைக்கருவியின் இழையைக் குறித்தது. பின்னர் மின்கம்பி வழியே வந்த செய்திக்கும் அதுவே பெயராயிற்று. ‘கம்பி’ என்னும் சொல்லோ உலோகத்தையே நினைவூட்டுகிறது. கிட்டாரும் இவ்வாறே மாறி வந்த கருவி. தொடக்கத்தில் அது விலங்குக் குடலால் ஆன நரம்புகளைக் கொண்டிருந்தது. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில்தான் எஃகுக் கம்பிகள் பரவலாயின. எனவே இன்றைய எஃகுக் கிட்டாருக்குக் ‘கம்பி’ என்பதே பொருத்தமான சொல்.

மின்னிணைப்பு இல்லாத எஃகுக் கிட்டாரில் ஆறு கம்பிகள் உள்ளன. பொதுவாக மெல்லிய இரண்டும் வெறும் எஃகு. மற்ற நான்கும் எஃகு உள்ளிழையின்மேல் வேறோர் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்பட்டவை. தாழ்ந்த சுரத்துக்குக் கம்பி கனமாக இருக்க வேண்டும். எஃகையே தடிப்பாக்கினால் கம்பி விறைத்துப்போகும்; அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசையாமல் விலகும். சுற்றுக்கம்பி கனத்தைக் கூட்டுகிறது, விறைப்பை அந்த அளவுக்குக் கூட்டுவதில்லை. சுற்றப்படும் உலோகம் மாறினால் கம்பியின் எடை, விறைப்பு, அதிர்வை உறிஞ்சும் அளவு ஆகியவை மாறுகின்றன. ஒலி வேறுபாட்டின் பிறப்பிடம் இதுவே.

இங்கே சுவையான ஒரு பெயர்க்குழப்பம் காத்திருக்கிறது. கடைகளில் இரண்டு வகைக் கம்பிகள் மிகுதியாக விற்கப்படுகின்றன. ஒன்று, 1930களில் வழக்கிற்கு வந்த ‘80/20 பிரான்ஸ்’. மற்றொன்று, 1974இல் டி’அடாரியோ நிறுவனம் கிட்டார்க் கம்பிக்கு அறிமுகப்படுத்திய ‘பாஸ்பர் பிரான்ஸ்’. பெயரைப் பார்த்தால் இரண்டும் வெண்கலம். கலவையைப் பாருங்கள். முதலாவதில் 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. இரண்டாவதில் ஏறத்தாழ 92 விழுக்காடு செம்பு, 8 விழுக்காடு வெள்ளீயம், மிகச் சிறிதளவு பாஸ்பரஸ். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் நம் வீட்டில் அதன் பெயர் என்ன? பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த ஈயமும் இந்த வெள்ளீயமே. வணிகப்பெயர் மறைத்த வேறுபாட்டை, குத்துவிளக்கும் கோயில்மணியும் புழங்கிய வீட்டின் சொற்கள் வெளிப்படுத்திவிடுகின்றன. ‘80/20 பிரான்ஸ்’ என்பதைத் தமிழில் பித்தளைச் சுற்றுக்கம்பி என்று எழுதினால், அது பெயர்ப்பு மட்டுமன்று, திருத்தமும் ஆகும்.

ஆயினும் சொல் நம்மை ஏமாற்றவும் கூடும். கே. பி. சுந்தராம்பாளின் குரலை ‘வெண்கலக் குரல்’ என்று போற்றுவது தமிழ் மரபு. அதனால் வெண்கலக் கம்பிதான் கணீரென்று ஒலிக்கும், பித்தளைக் கம்பி மங்கி ஒலிக்கும் என்று எதிர்பார்ப்போம். செவி கூறும் முடிவோ வேறு. புதிய பித்தளைக் கம்பியின் ஒலி கூர்மையாக, மேற்சுரங்கள் மிகுந்து வருகிறது. வெண்கலக் கம்பியின் ஒலி சற்றுக் கனிந்து, நடுப்பகுதி நிறைந்து வருகிறது. காரணம் எளிது. மணியில் வெண்கலமே உடலாக நின்று அதிர்கிறது. அதில் வெள்ளீயமும் இரு மடங்குக்கு மேல் இருக்கும். கம்பியில் இழுத்துக் கட்டிய எஃகு அதிர, வெண்கலம் அதன்மேல் போர்வையாக உள்ளது. மணியின் புகழைக் கம்பிக்கு ஏற்றிச் சொல்லலாகாது.

அப்படியானால் இவ்வேறுபாட்டை எச்சொல்லால் குறிப்பது? விடை அரிச்சுவடியிலேயே இருக்கிறது. ஒரே சுருதியில் ‘ஈ’ என்றும் ‘ஊ’ என்றும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். குரல்நாண்கள் ஒரே வேகத்தில்தான் அதிர்கின்றன. வாயறையின் வடிவம் மாறுவதால், ‘ஈ’ ஒலியில் ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன. ‘ஊ’ ஒலியில் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவையே ஓங்கி, மேலுள்ளவை ஒடுங்குகின்றன. கிட்டாரின் ஆறாம் கம்பியை எந்த உலோகத்தில் பூட்டினாலும் அதன் அடிச்சுரம் 82.4 ஹெர்ட்ஸ்தான். அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேலெழும் சுரங்களின் வலிமைப் பங்கீடே உலோகத்துக்கு உலோகம் மாறுகிறது. உயிரெழுத்துகளைப் பிரித்தறியும் குழந்தை, கம்பிகளைப் பிரித்தறியும் திறனை முன்னரே பெற்றிருக்கிறது.

தமிழின் ஒலிக்குறிப்புச் சொற்கள் இத்திறனை வியக்கத்தக்க வகையில் பதிவுசெய்துள்ளன. தொல்காப்பியம் இரட்டைக்கிளவியைத் தனியே எடுத்துப் பேசும் அளவுக்கு இவ்வகைச் சொற்கள் நம் மொழியில் வேரூன்றியவை. சிறுமணி ‘கிணிகிணி’ என்கிறது. பெருமணி ‘கணகண’ என்கிறது. கனத்த பொருள் ‘தொம்’ என்று விழுகிறது. உயிரெழுத்து இகரத்திலிருந்து அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நகர நகர, ஒலியின் கூர்மை குறைந்து கனம் கூடுகிறது. இறுதி மெய்யையும் நோக்குங்கள். ‘கிண்’, ‘டங்’, ‘தொம்’ என மெல்லினத்தில் முடிபவை நீடித்து ஒலிப்பவற்றைக் குறிக்கின்றன. ‘டக்’, ‘பொத்’ என வல்லினத்தில் முடிபவை உடனே அடங்குவனவற்றைக் குறிக்கின்றன. இசைவாணர் ‘கார்வை’ என்பது இந்நீட்சியையே. உயிர் ஒலியின் பண்பையும், இறுதி மெய் அதன் நீட்சியையும் காட்டுகின்றன.

இதைக் கம்பிக்குப் பொருத்தினால், புதிய பித்தளைக் கம்பி ‘கிண்’. புதிய வெண்கலக் கம்பி ‘கண்’. வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடையே படிந்து மேற்சுரங்களை விழுங்கிவிட்ட பழங்கம்பி ‘டொக்’. ஒருவர்க்குக் ‘கிண்’ என்பது மற்றொருவர்க்குக் ‘கண்’ எனத் தோன்றலாம். அவ்வேறுபாட்டையே வகுப்பில் விவாதிக்கலாம். ‘இனிமை’ என்ற சொல்லோ விவாதத்துக்கு இடமே தராது.

மின்கிட்டாரின் நிலை சற்று வேறு. அங்கே கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்குறிப்பாக மாற்றுகின்றன. பித்தளையும் வெண்கலமும் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. எனவே நிக்கல் பூசிய எஃகு, தூய நிக்கல், துருவுறா எஃகு ஆகியவையே அங்குச் சுற்றப்படுகின்றன. மூன்றனுள் துருவுறா எஃகின் ஒலி மிகக் கூரியது; தூய நிக்கலின் ஒலி மென்மையானது; நிக்கல் பூசிய எஃகு இடைப்பட்டது. துருவுறா எஃகை நம் அடுக்களை ‘எவர்சில்வர்’ என்கிறது. அதில் வெள்ளி இல்லை. பித்தளையைப் ‘பிரான்ஸ்’ என்று விற்பதும் வெள்ளியில்லாததைச் ‘சில்வர்’ என்று அழைப்பதும் ஒரே வகைப் பெயரீடு. பெயர் பளபளப்பைச் சொல்கிறது, பொருளைச் சொல்வதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பயிற்சியை முன்வைக்கிறேன். ஒரே கிட்டாரில், ஒரே தடிப்புள்ள புதிய பித்தளைத் தொகுதியையும் வெண்கலத் தொகுதியையும் அடுத்தடுத்துப் பூட்டி, ஒரே சுருதி கூட்டி, ஒரே இடத்தில் ஒரே வகையாக மீட்டிப் பதிவுசெய்யுங்கள். மெல்லிய இரண்டு கம்பிகளை விட்டுவிடுங்கள். இரு தொகுதியிலும் அவை வெறும் எஃகே. எது எதுவென்று கூறாமல் மாணவரைக் கேட்கச் செய்து, கேட்டதை ஒலிக்குறிப்புச் சொல்லால் எழுதச் செய்யுங்கள். சில வாரங்கள் வாசித்தபின் மீண்டும் பதிவுசெய்யுங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில் பித்தளையின் கூர்மை விரைவில் மங்கும். வெண்கலம் அரிப்பைச் சற்று மிகுதியாகத் தாங்கும். முதல் நாள் எழுதிய சொல் இப்போதும் பொருந்துகிறதா என்று அவர்களே முடிவுசெய்யட்டும்.

இப்பயிற்சியில் அறிவியலும் இசையும் தமிழும் ஒருங்கே நடைபெறுகின்றன. கலைச்சொல் வேண்டும் என்று நாம் அடிக்கடி குரல் கொடுக்கிறோம். புதிதாக ஆக்க வேண்டியவை பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பித்தளை, வெண்கலம், கார்வை, கிண், கண் என்பவை எவரும் ஆக்கித் தர வேண்டாத சொற்கள். அவற்றை வழிபாட்டுக்கும் பழம்பெருமைக்கும் ஒதுக்கிவிட்டு, மாணவன் கையிலிருக்கும் கருவிக்கு ஆங்கிலத்தைக் கொடுத்தோமானால், குறை மொழியினுடையது அன்று. அடுத்தமுறை ஒரு மாணவி கிட்டாரோடு வகுப்புக்கு வந்தால், ‘அழகாக வாசித்தாய்’ என்று பாராட்டுங்கள். பின்னர், ‘என்ன கம்பி பூட்டியிருக்கிறாய்? அது எப்படி ஒலிக்கிறது?’ என்று தமிழில் கேளுங்கள். அவள் விடை சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.