இருமுறை தூது நடந்த பெருமான்



பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது மரபு. இல்லறத்தாருக்கு அதனினும் அணுக்கமான சான்று, திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் இருமுறை நடந்த இறைவனே ஆவார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றை விரிவாகப் பாடியுள்ளார்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். பிரியேன் என மகிழடியில் சூளுரைத்து, அதனை மீறி எல்லை கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார். கண் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. ஒற்றியூர்த் திருமணச் செய்தி முன்பே பரவையாரை எட்டியிருந்தது. சமாதானம் பேச வந்த பெரியோர்க்கும் அவர் மனம் இளகவில்லை. அவர் சினத்தில் நியாயம் இல்லையென்று எவரும் கூற இயலாது.

சுந்தரர் முறையிடவே, பெருமான் தாமே தூது செல்ல இசைந்தார். அர்ச்சகர் வடிவில் சென்று கதவைத் தட்டினார். வந்த காரணம் கேட்ட பரவையார் மறுத்து அனுப்பிவிட்டார். இறைவன் வெகுளவில்லை, தாம் யாரென்று காட்டி அச்சுறுத்தவும் இல்லை. திரும்பி வந்தால், சுந்தரரோ ஆற்றாமையால் அவரையே குறை கூறினார். பிழை செய்தவரே குறை கூறுவது உலகத்து இயல்புதானே! அதனையும் தாங்கி மறுமுறை புறப்பட்டார். பூதகணங்களும் முனிவர்களும் சூழத் தம் திருவுருவிலேயே எழுந்தருளினார். முன் வந்தவர் யாரென்று உணர்ந்த பரவையார் நடுங்கி வணங்கி இசைந்தார். தெய்வத்தைத் தூது அனுப்பினாரே என்று ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தது தனி வரலாறு. அவரையும் சுந்தரரையும் நண்பராக்கியவரும் அப்பெருமானே.

பாகப்பிரிவினையிலும், திருமணத்திற்கு முறையாக அழைக்கவில்லை என்பதிலும் பேச்சறுந்த உடன்பிறந்தார் எத்தனை பேர்! "ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்று, இனி அவ்வாசலை மிதிப்பதில்லை" என்பார்கள். பல குடும்பங்களில் அந்த ஒருமுறையோடு உறவு முடிந்துவிடுகிறது.

இவ்வரலாற்றைக் காட்டி, புண்பட்டவரிடம் "பொறுத்துக்கொள்" என்று கட்டளையிடுவது பொருந்தாது. பெருமான் பரவையார்க்கு அவ்வாறு ஆணையிடவில்லை, தாம் நடந்தார்.

ஆரூர்த் தியாகேசரின் திருப்பாதங்கள் மலர்களால் மூடப்பட்டிருக்கும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் பாத தரிசனம் காண அன்பர்கள் திரள்கின்றனர். தெருப்புழுதியில் இருமுறை போய்வந்தவை அப்பாதங்களே.