கொசுவும் கணக்கும்

கணிதம் தனித்திருந்து செய்யும் தவம் என்றும், மருத்துவமும் உயிரியலும் கையால் தொட்டுக் கண்ணால் கண்டறியும் கலைகள் என்றும் ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இவை ஒன்றையொன்று நாடினாலன்றி முழுப் பயன் தரமாட்டா என்பதற்கு ஹைதராபாத் நகரமே ஒரு சான்று. ஆராய்ச்சித் துறையில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞர்களுக்கென்று, கணிதத்தைப் பிற விஞ்ஞானங்களோடு இணைத்துக் கற்பிக்கும் அறிமுகப் பயிலரங்குகள் இப்போது நம் நாட்டில் நடைபெற்று வருகின்றன. சில நாட்களே நடக்கும் ஒரு பயிலரங்கினால் விளையும் பயன் யாது? இதற்கு விடை காண, நேயர்களே, முதலில் பேகம்பேட்டைக்குச் செல்வோம்.

செகந்திராபாத்தில் வாழும் தமிழன்பர்கள் பலர் பேகம்பேட்டைப் பழைய விமான நிலையத்தின் பக்கம் போய் வந்திருப்பர். அதன் அருகே ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவரின் நினைவாகப் போற்றப்படும் ஒரு கட்டடம் இருக்கிறது. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை ராஸ் அறுத்துச் சோதித்து வந்தார். கடிக்கு ஓர் அணா வீதம் அந்நோயாளிக்குக் கூலி கொடுத்தாராம். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அனோபிலிஸ் இனக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது பலரும் அறிந்த கதை. இதன் பிற்பகுதியைச் சிலரே அறிவர். கொசுவே நோயைப் பரப்புகிறது என்று தெரிந்த பின், கொசுவை ஒழியுங்கள் என்றார் ராஸ். ஓர் ஊரிலுள்ள கொசுக்கள் அனைத்தையும் ஒழிப்பது நடவாத செயல். ஆகவே முயற்சியே வீண் என்று பலர் மறுத்தனர். இவ்வழக்கை நுண்ணோக்கி கொண்டு தீர்க்க இயலாது. கணிதத்தில் தீராத காதல் கொண்டிருந்த ராஸ், மொரீஷியஸ் தீவின் மலேரியாவைப் பற்றி 1908இல் எழுதிய அறிக்கையிலும், அதன் பின் 1911இல் வெளியிட்ட நூலிலும் கணக்கின் துணையை நாடினார்.

அவர் கண்ட உண்மையை எளிய உதாரணம் ஒன்றால் விளக்கலாம். ஒரு நோயாளி குணமடைவதற்குள், கொசுக்களின் வாயிலாக அவரிடமிருந்து இருவருக்கு நோய் பரவுகிறது என்று கொள்வோம். இருவர் நால்வராவர், நால்வர் எண்மராவர். கொசுக்களின் தொகையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், மூன்று நோயாளிகள் சேர்ந்து இருவருக்கே நோயைத் தர இயலும். சுற்றுக்குச் சுற்று நோயாளிகள் குறைவர். கடைசிக் கொசு உயிரோடிருக்கும்போதே நோய் மறைந்துவிடும். ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் போதும், முற்றும் ஒழிக்க வேண்டியதில்லை என்பதே ராஸ் காட்டிய நெறி.

ராஸ் தம் கணிதத்தின் எல்லையை உணர்ந்தவர். ஆகவே ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞருடன் சேர்ந்து 1917இல் மேலும் சில கட்டுரைகள் வெளியிட்டார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கென்ட்ரிக் என்பார், கெர்மாக் என்னும் வேதியியல் அறிஞரோடு கூடி, பம்பாயில் 1905–06இல் பிளேக் நோயால் நேர்ந்த மரணங்களின் கணக்கை 1927இல் தம் சமன்பாடுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். கொள்ளை நோய்க் கணிதத்தின் அடிப்படை நூல்களுள் அக்கட்டுரை இன்றும் வைத்து எண்ணப்படுகிறது.

1950களில் ஜார்ஜ் மக்டொனால்டு இவ்வழியில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். கொசுவின் உடலுக்குள் புகுந்த கிருமி, பிறருக்குப் பரவத்தக்க நிலையை அடையச் சுமார் 10 நாட்கள் ஆகும். நாள்தோறும் நூற்றுக்கு 90 கொசுக்கள் பிழைக்குமானால், பத்தாம் நாள் முடிவில் எஞ்சுபவை சுமார் 35. நாள்தோறும் 80 பிழைக்குமானால் எஞ்சுபவை சுமார் 11. நாளொன்றுக்குச் சாகும் விகிதம் இருமடங்கானால், நோய் பரப்ப எஞ்சுபவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகின்றன! வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்து, அங்கு வந்து தங்கும் கொசுவின் ஆயுளைச் சற்றே குறைப்பதுகூட ஏன் பெரும்பயன் தருகிறது என்பது இதனால் விளங்கும். பத்து நாள் என்ற செய்தியைத் தந்தது நுண்ணோக்கி. அதன் விளைவைச் சொன்னது பெருக்கல் கணக்கு.

இனிப் பயிலரங்குக்கு வருவோம். அயல் மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு ஓர் அனுபவம் உண்டு. தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லே நம்மை ஏமாற்றும். தமிழில் ‘அவசரம்’ என்றால் விரைவு. தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். விஞ்ஞானத் துறைகளுக்கிடையிலும் இவ்வாறே. ‘வெக்டர்’ என்றால் கணித மாணவனுக்கு அளவும் திசையும் உடைய ஒரு கணியம். மருத்துவ மாணவனுக்கு நோயைச் சுமந்து திரியும் கொசு. ஒருவர் சொல்லை மற்றவர் அறியப் பழகுவதே பயிலரங்கின் முதல் பாடம். சில நாட்களில் எவரும் மற்றொரு துறையில் புலமை பெற்றுவிட முடியாது. ஆனால் அத்துறையாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம். அதுவே போதும்.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. 2020இல் கொரோனாத் தொற்றின் போக்கைக் கணிக்க மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை அமைத்த குழுவுக்கு ஹைதராபாத் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வித்யாசாகர் தலைமை தாங்கினார். 2021இன் இரண்டாம் அலை அவ்வளவு உயரும் என்று தங்கள் கணக்கு முன்னறியவில்லை என அக்குழுவினரே வெளிப்படையாகக் கூறினர். கணக்கில் இடும் எண்கள் ஊரின் உண்மை நிலையிலிருந்து வரவேண்டும். அந்நிலை மாறினால் கணக்கும் மாறவேண்டும். மருத்துவமனையையும் பரிசோதனைச் சாலையையும் அறிந்தவர் அருகிருந்து ஓயாமல் வினவினாலன்றி, சமன்பாடு தன் பிழையைத் தானே அறியாது.

இத்தகைய கூட்டுறவுக்கு ஹைதராபாத் தக்க இடம். உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் 1977 முதல் இங்கே இயங்கி வருகிறது. புள்ளியியல் மேதை சி.ஆர். ராவின் பெயர் தாங்கிய கணித நிலையம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. இந்தியாவில் முதன்முறையாகக் கூடிய உலகக் கணித அறிஞர் பேரவை, 2010இல் இந்நகரில்தான் நடைபெற்றது.

எனினும் இளம் ஆராய்ச்சியாளரின் உள்ளத்தில் ஓர் அச்சம் இருப்பது இயல்பு. இரு துறைகளுக்கிடையே நின்றால், எத்துறை நமக்கு வேலை தரும்? பெற்றோரும் இதையே கேட்கின்றனர். அவ்வச்சத்தை இகழ்வது முறையன்று. சொந்தத் துறையில் காலை ஆழ ஊன்றிக்கொண்டு, கையை மட்டும் அடுத்த துறைக்கு நீட்டுவதே அதற்கு மாற்று. ராஸ் மருத்துவராகவே இருந்தார். ஹில்டா ஹட்சன் கணித அறிஞராகவே இருந்தார். இருவரும் ஒரே கேள்வியை எதிர்கொண்டனர், அவ்வளவே.

தாய்மொழியை மறவாமல் அயல்மொழி பேசி வாழ்வது எப்படி என்பதை வெளிமாநிலத் தமிழர் இல்லங்கள் நாள்தோறும் பயின்று வருகின்றன. அவ்வில்லங்களில் வளரும் இளைஞருக்கு, கணக்கையும் உயிரையும் இணைக்கும் இப்புதிய பயிற்சி எளிதில் கைகூடும் என்று நம்பலாம்.