குண்டாக இருந்தால் ஆரோக்கியமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சத்துணவு என்றாலே நாம் இரத்தசோகை, எடை குறைவு பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு நான் பேச வந்தது குழந்தைகளின் உடல் பருமன் பற்றி. "அது பணக்காரங்க வீட்டுப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். கணக்கைக் கேளுங்கள். 1990-ல் உலகம் முழுவதும் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 3 கோடிப் பேர் உடல் பருமனோடு இருந்தார்கள். 2022-ல் சுமார் 16 கோடி! இந்தியாவில் மட்டும் சுமார் 1 கோடியே 25 லட்சம். எடை குறைந்த பிள்ளைகளை விட, பருமனான பிள்ளைகள் உலகில் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025-ல் யுனிசெஃப் அறிவித்தது.

இந்தப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சின்ன வயசிலேயே வரக்கூடும். வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கும் கஷ்டம் நமக்குத் தெரியாததா?

முன்பெல்லாம் "பிள்ளை அதிகமாகத் தின்னுது, அம்மா கவனிக்கலை" என்று வீட்டைத்தான் குறை சொன்னார்கள். இன்று ஆராய்ச்சியாளர்கள் வீட்டைத் தாண்டியும் பார்க்கிறார்கள். முக்கியமாக மூன்று விஷயங்கள்.

முதலாவது, கர்ப்ப காலம். 1993 முதல் புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. எடையும் தசையும் குறைந்த அளவுக்கு உடம்பில் கொழுப்பு குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு! இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குப் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் கர்ப்பிணி மருமகளுக்கு நல்ல சாப்பாடு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், 2 வயது வரை சர்க்கரை சேர்க்காத உணவு ஆகிய மூன்றும் முக்கியம்.

இரண்டாவது, கடை. மெக்சிகோ நாட்டில் 2014-ல் சர்க்கரை சேர்த்த குளிர்பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டார்கள். அடுத்த வருஷமே ஜனங்கள் வாங்குவது சுமார் 10 சதவீதம் குறைந்தது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு முத்திரை போட வேண்டும். அதைப் பள்ளியில் விற்கக் கூடாது. ஒன்றரை வருஷத்தில், அந்த முத்திரைக்குரிய பானங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது.

மூன்றாவது, ஊர் ஒற்றுமை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பள்ளி, மருத்துவர், பெற்றோர், நகராட்சி எல்லோரும் கைகோர்த்தார்கள். நல்ல சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் மூன்றையும் வலியுறுத்தினார்கள். 2012-ல் 21 சதவீதமாக இருந்த அதிக எடைப் பிள்ளைகள் 2015-ல் 18.5 சதவீதமானார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. குழுக் கடனில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கடைக்கு வருவது நம்ம பிள்ளைகள்தானே? பள்ளிப் பக்கத்துக் கடையில் சிப்ஸ் சரம் தொங்கும் இடத்தில் வாழைப்பழம், சுண்டல், அவித்த கடலை வைத்துப் பாருங்கள். சுண்டலும் கடலையும் குழுவிலேயே தயாரித்துக் கொடுக்கலாம். நாலு பேருக்கு வருமானமும் ஆகும்.

இன்னொன்று. குண்டாக இருக்கிற பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள், பட்டினி போடாதீர்கள். பிள்ளை குண்டா ஒல்லியா என்று கண்ணால் முடிவு செய்யாமல், அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்த்துக் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் கால் மணி நேரம் இதைப் பேசுங்கள். பள்ளி வாசல் கடையில் என்ன மாற்றலாம் என்று ஒரு தீர்மானமாவது நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள்.