காட்டுக் கணக்கில் விடுபட்ட தண்ணீர்



என்னினும் மூத்த அறிஞர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை உரை என் பொறுப்பில் வந்திருக்கிறது. பெருமையும் அச்சமும் ஒருசேர எழ நிற்கிறேன். மேகமலையின் அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அருகே, ராயப்பன்பட்டியில் இக்கருத்தரங்கைக் கூட்டிய நண்பர்களுக்கு நன்றி. காட்டின் நீரைக் குடித்து வாழும் ஊரில் காட்டுப் பொருளியலைப் பேசுவது மிகப் பொருத்தம்.

மரமும் கார்பனும் நமக்குத் தரப்பட்ட பொருள். ஃபாஸ்ட்மன் 1849இல் தந்த சூத்திரத்தையும், நிற்கும் காட்டின் பயனை ஹார்ட்மன் 1976இல் அதனுடன் சேர்த்ததையும் இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார்பனுக்கு விலை வைத்தால் மரத்தை வெட்டும் வயது பொதுவாகத் தள்ளிப்போகும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அமர்வுகள் அவற்றை விரித்துரைக்கும். நான் ஓர் ஆவணத்தையும், தீராத ஒரு வழக்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

வெப்பமண்டலக் காடுகள் அழிந்தால் பொருளியல் நோக்கிலும் இயற்கை நோக்கிலும் என்ன விளையும் என ஆராய, பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. ஹியூ கிளெக்ஹார்ன், ஃபோர்ப்ஸ் ராய்ல், பேர்ட் ஸ்மித், ஸ்ட்ராச்சி ஆகியோர் கொண்ட அக்குழு 1851இல் அறிக்கை அளித்தது. அதே கிளெக்ஹார்ன்தான் 1856இல் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலரானார். மரம் வளர்க்கும் நிலத்துக்கு என்ன மதிப்பு என்று ஃபாஸ்ட்மன் கேட்ட இரண்டே ஆண்டுகளில், காடு போனால் ஊற்றும் மண்ணும் என்னவாகும் என்று இவர்கள் கேட்டார்கள். நம் பாடத்திட்டங்கள் முதல் கேள்வியை வளர்த்தெடுத்தன. இரண்டாவதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிட்டன.

அக்குழு முன்வைத்த வகை வாதங்கள் மலைமக்களைக் காட்டிலிருந்து விலக்கப் பயன்பட்டன என்பது வரலாற்றாசிரியர்களின் மறுப்பு. அதை முழுமையாக ஏற்கிறேன். எரித்துப் பயிரிடும் மலைவேளாண்மை மீது கிளெக்ஹார்ன் காட்டிய பகையை நாம் சுமக்கத் தேவையில்லை. இம்மலைகளில் வாழும் பளியர்களின் உரிமைக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்டவரின் பிழையால் கேள்வி பிழையாகிவிடாது.

இனி வழக்குக்கு வருகிறேன். வேகமாக வளரும் மரமே அதிகக் கார்பனைச் சேர்க்கும், ஆகவே மலைச்சரிவிலும் அதையே நடலாம் என்று மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் முந்தைய கருத்தரங்குகளில் வலியுறுத்தினார்கள். அவர்களின் வளர்ச்சி அளவீடுகளை நான் ஐயுறவில்லை. ஆனால் அவை ஆண்டு வரவைச் சொல்கின்றன, கையிருப்பைச் சொல்வதில்லை. ஆறேழு ஆண்டுக்கொருமுறை காகிதக் கூழுக்காக வெட்டப்படும் தைலமரத் தோட்டத்தில், வெட்டும் நாளில் உள்ள இருப்பில் ஏறத்தாழப் பாதிதான் சராசரியாக நிற்கும். காகிதமாகிப் போனதில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பும். இந்தியக் காடுகளின் கார்பனில் பாதிக்கும் மேல் மண்ணில் இருப்பதாக இந்திய வன அளவைத் துறையின் அறிக்கைகள் காட்டுகின்றன. நடவுக்குக் குழி தோண்டும்போது அந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை.

பக்கத்துப் பழனிமலையைப் பாருங்கள். மரத்தோட்டங்களும் விவசாயமும் விரிந்ததில், நாற்பது ஆண்டுகளில் அங்குள்ள மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மரக்கணக்கில் புல்வெளியின் மதிப்பு சுழியம். சுழியம் என்று எழுதப்பட்டதால்தான் அது போயிற்று.

அடுத்தது, வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் கழிவு வீதம். அறுபது ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய், 8 விழுக்காட்டில் இன்று ஏறத்தாழ 1 ரூபாய்; 3 விழுக்காட்டில் 17 ரூபாய். முதிர்ந்த தேக்கின் தலைவிதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதை அடிக்குறிப்பில் ஒதுக்கும் கட்டுரைகள் முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகின்றன.

கார்பன் சந்தையும் வரவையே பார்க்கிறது, இருப்பைப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்க்கும் கார்பனுக்கே கிரெடிட் எளிதில் கிடைக்கிறது. யாரும் மிரட்டாத பழங்காடு நிற்பதற்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2008இல் காட்டு நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.4.38 லட்சம் முதல் ரூ.10.43 லட்சம் வரை நிகர நிகழ்கால மதிப்பை வகுத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் இத்தகைய தொகை வசூலாவது காட்டு நிலம் வேறு பயனுக்குப் போகும்போது. நிற்கும் காட்டுக்கு வரவு எழுதும் பக்கம் அந்த ஏற்பாட்டில் வெறுமையாகவே இருக்கிறது.

என் நிலைப்பாடு இது. மரம் பள்ளத்தாக்கின் பட்டா நிலத்தில் விளையட்டும். மலைவேம்பும் தேக்கும் சவுக்கும் வளர்க்கும் உழவருக்கு நியாய விலையும், அலைச்சலில்லாத வெட்டு அனுமதியும் கிடைக்கட்டும். மலை, கார்பன் இருப்புக்கும் தண்ணீருக்கும் உரியதாக இருக்கட்டும். திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டபோது வைகையின் பிறப்பிடமும் காப்பகத்துக்குள் வந்தது. அக்காட்டின் மதிப்பைக் கணக்கிடுவோர் மதுரையின் குடிநீரையும் ராமநாதபுரத்தின் கண்மாய்களையும் விட்டுவிட்டால், அது பாதிக் கணக்கு.

ஆகவே கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கழிவு வீதத்தை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். வரவையும் இருப்பையும் தனித்தனியே காட்டுங்கள். மரம், கார்பன் என்ற இரு பத்திகளுக்கு அருகே தண்ணீருக்கும் ஒரு பத்தி திறவுங்கள். அதை நிரப்பத் தரவு போதவில்லை என்றால், அந்தத் தரவைத் திரட்டுவதே நம் துறையின் அடுத்த வேலை. மறுப்புடையோர் தயங்காமல் மறுக்கலாம். விடை சொல்லக் காத்திருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.